யப்பான் நாட்டுச் சாரை

சாரைப் பாம்பை அறியாத நேயர் இரார். வயல் வரப்பிலே எலியைத் துரத்தி விரையும் அப்பாம்புக்கு யப்பானில் ஓர் உறவினம் உண்டு. அந்நாட்டார் அதனை 'ஆவோதைசோ' என்பர். 'நீலத் தளபதி' என்பது பொருள். பார்வைக்கோ அது பசுமை கலந்த பழுப்பு நிறத்தது. 'ஆவோ' என்னும் சொல் பச்சையையும் நீலத்தையும் ஒருங்கே குறிப்பதால் பெயரிற் பிழையில்லை.

வடக்கே ஹொக்கைடோ தொட்டுத் தெற்கே கியூஷூ வரை இப்பாம்பு வாழ்கின்றது. முழு வளர்ச்சியடைந்தவை 2 மீற்றர் நீளம் வரை இருப்பதுண்டு. நஞ்சு கிடையாது. எலியையும் பறவையையும் உடலாற் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும்; முட்டைகளையும் விடாது. மரமேறுவதில் இதன் திறமை வியப்புக்குரியது. வயிற்றுச் செதில்களின் இரு ஓரங்களும் மடிந்து விளிம்புபோல் அமைந்திருத்தலால், மரப்பட்டையின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்த மரத்திலும் நேரே ஏறிவிடும். குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும், கோடையில் முட்டையிடும். குஞ்சுகளின் உடலிற் பழுப்புத் திட்டுகள் காணப்படும். 'மாமூசி' என்னும் நச்சு விரியனைப் போன்ற இத்தோற்றத்தால் அறியாதார் கையில் அவை மாள்வதும் உண்டு. பகைவரை அஞ்சச் செய்யும் வேடமே உயிருக்கு உலையாகி விடுகின்றது!

யமகுச்சி மாகாணத்து இவக்குனி நகரில் இவ்வினத்திலே வெண்ணிறமும் செந்நிறக் கண்களும் கொண்ட பாம்புகள் உள்ளன. கருநிறமி இன்மையே காரணம். இத்தகைய வெள்ளை உயிர்கள் பகைவர் கண்ணில் எளிதிற் பட்டு மடிவதே வழக்கம். இவக்குனியில் அவை நிலைத்தமைக்கு மக்களின் ஆதரவே துணை. நெற்களஞ்சியங்களில் எலிகள் பெருகின. எலிகளைத் தின்னும் பாம்புகளை எவரும் அடிக்கவில்லை. வெள்ளைப் பாம்பைப் பென்சைதென் தேவியின் தூதாகவும் போற்றினர். அத்தேவி வேறெவருமல்லள், பௌத்தத்தோடு யப்பான் சென்ற நம் சரசுவதியே. பக்தி பெரிதா, களஞ்சியத்து நெல் பெரிதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

1924ஆம் ஆண்டில் அவை வாழும் இடமும், 1972இல் அப்பாம்புகளும் இயற்கை நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் பழைய களஞ்சியங்களும், அவை பதுங்கிய கற்சுவர்களும் காலப்போக்கில் மறைய, வெளியில் அவற்றின் தொகை அருகியது. இன்று அவற்றைக் காப்பகத்தில் வைத்து இனம் பெருக்குகின்றனர். வெள்ளையும் வெள்ளையும் கூடினாற் குஞ்சுகள் வெள்ளையே. சாதாரணப் பாம்போடு கூடினாலோ, அவை பெரும்பாலும் பசும்பழுப்பாகவே பிறக்கும்; வெண்மை மறைந்திருந்து, பின்னொரு தலைமுறையிலேதான் வெளிப்படும். ஆதலால் எதனை எதனோடு சேர்ப்பது என்பதிற் காப்பாளர்கள் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர்.