கத்தக்குறிச்சி சாந்தி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"சாதனைப் பெண்கள்" என்ற தலைப்பில் குழுவுக்கு ஒருவர் பேச வேண்டும் என்று சொன்னார்கள். நான் பேர் கொடுக்கப் போவதற்குள் ஜான்சி ராணி, கல்பனா சாவ்லா, அன்னை தெரசா எல்லாம் போயிட்டாங்க. பரவாயில்லை. நான் பேச நினைத்த ஆள் நமக்குப் பக்கத்து மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, சாந்தி சௌந்தரராஜன். ஓட்டக்காரி.

சாந்தி 1981-ல் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேருமே செங்கல் சூளைக் கூலிகள். சூளை வேலை என்றால் என்ன என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. கொள்ளிடக்கரைப் பக்கம் போய் கல் அறுத்தவங்க, கல் சுமந்தவங்க இங்கேயே இருக்கீங்க. மண்ணைக் குழைக்கணும், அச்சில் அடிக்கணும், காயவைக்கணும், தலையில் சுமந்து அடுக்கணும். மழை வந்தால் அறுத்த கல்லும் போச்சு, கூலியும் போச்சு. அம்மா வெளியூர் வேலைக்குப் போயிட்டா, ஐந்து பிள்ளைகளில் மூத்தவளான சாந்திதான் மற்ற நாலு பேருக்கும் அம்மா.

ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. சாந்திக்கு அப்போ பதிமூணு வயசு. குடிசைக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். தாத்தாதான் ஷூவும் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டியிலேயே ஒரு கோப்பை. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அங்கே படிப்புச் செலவும் சீருடையும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. மூணு வேளையும் சாப்பிட்டது அதற்குப் பிறகுதானாம். எனக்கு இந்த இடம் படிக்கும்போது தொண்டையை அடைத்தது. நாட்டுக்குப் பதக்கம் வாங்கப் போகிற கால்கள் அதுவரைக்கும் அரை வயிற்றோடு ஓடியிருக்கு.

புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னையில் கல்லூரி. 800 மீட்டர், 1500 மீட்டர், 3000 மீட்டர் எல்லாம் ஓடினார். தடையும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்று ஒன்று இருக்கிறது. 2005-ல் பெங்களூரில் அதை 10 நிமிடம் 44.65 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். அதே வருஷம் தென் கொரியாவில் இன்சியான் நகரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி.

2006 டிசம்பர், தோகா நகரம், ஆசிய விளையாட்டுப் போட்டி, 800 மீட்டர் ஓட்டம். 400 மீட்டர் மைதானத்தை இரண்டு சுற்று. சாந்தி ஓடிய நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. அடுப்பில் வைத்த டீ பொங்குவதற்குள் முடிந்துவிடும். கடைசி அடியில் கஜகஸ்தான் பெண்ணை நூலிழையில் முந்தினார், போட்டோ பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். வெள்ளிப் பதக்கம்.

தங்கம் வாங்கியவர் மரியம் யூசுப் ஜமால். அவர் கதையும் சின்னது இல்லை. பிறந்தது எத்தியோப்பியாவில், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போன நாடு. சொந்தப் பேர் செனபெச் டோலா. அங்கிருந்து சுவிட்சர்லாந்து போய் அடைக்கலம் கேட்டு, கடைசியில் பஹ்ரைன் குடியுரிமை வாங்கி, பேரும் நாடும் மாறி ஓடியவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். முன்னால் போன இரண்டு பேரும் ஊக்கமருந்து விஷயத்தில் மாட்டியதால் பின்னாளில் தங்கமே அவருக்கு வந்தது. மருந்து சாப்பிட்டு ஓடினால் பதக்கத்தைப் பிடுங்குவது நியாயம், யாரும் மறுக்க மாட்டோம். சாந்தி எந்த மருந்தும் சாப்பிடவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் அவர் பதக்கத்தைப் பிடுங்கினார்கள்.

காரணம், "பாலினச் சோதனையில் தேறவில்லை" என்பது. ஒரு காலத்தில் ஒலிம்பிக்குக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனை வைத்தார்கள். 1999-ல் அதை நிறுத்திவிட்டு, யார் மேல் சந்தேகமோ அவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். சில பெண்களுக்குப் பிறப்பிலேயே உடம்பின் உள் அமைப்பில் வேறுபாடு இருக்கும். பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்திருப்பார்கள். அவர்களுக்கே தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. அது ஏமாற்று வேலை இல்லை. பிறவி மாறுகண் மாதிரி உடம்போடு வந்தது.

ஓட்டம் முடிந்த பிறகு சாந்தியைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள், டாக்டர்கள் பரிசோதித்தார்கள். எதற்காக என்று தனக்குச் சரியாக யாரும் விளக்கவில்லை என்று அவர் பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அம்மா இல்லை. தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஊருக்கு வந்த சில நாளில், இனிமேல் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய மருத்துவ விவரம் நாடு முழுக்க டி.வி.யில் ஓடியது.

நம்ம குழுவில் கையெழுத்துக்கு முன்னாடி தீர்மான நோட்டை வாய்விட்டுப் படிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்குப் புரிகிற வரைக்கும் படிக்கிறோம். நேரம் ஆகுது, ரேகை வைங்க என்று யாராவது அவசரப்படுத்தினால் நாமே சண்டைக்குப் போவோம். ஐந்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு நாம் காட்டுகிற இந்த மரியாதையை, நாட்டுக்குப் பதக்கம் வாங்கிய பெண்ணின் உடம்புக்கு அவ்வளவு படித்தவர்கள் காட்டவில்லை.

நம்ம திருப்பனந்தாள் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். தாடகை என்கிற பக்தை (ராமாயணத் தாடகை இல்லை, இவள் வேறு) தினமும் சாமிக்கு மாலை சாத்துவாள். ஒருநாள் மாலையைத் தூக்கும்போது சேலை நழுவியது. கையை விட்டால் மாலை கீழே விழும், விடாவிட்டால் மானம் போகும். முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். சாமியே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார். அப்புறம் ராஜா யானை கட்டி இழுத்தும் நிமிராமல், குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு மாட்டி இழுத்தபோதுதான் நிமிர்ந்தார் என்பார்கள். ஒரு பொம்பளை கூச்சப்படக் கூடாது என்று சாமி தலை சாய்த்த ஊரில் நின்றுகொண்டு சாந்தி கதையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஒன்று சொல்லணும். அப்போதைய முதல்வர் கலைஞர், சோதனை முடிவு வெளிவந்த பிறகும் சாந்திக்கு 15 லட்சம் ரூபாயும் ஒரு டி.வி.யும் கொடுத்தார். அது பெரிய விஷயம். ஆனால் பணம் வந்தாலும் தெருப் பேச்சு நிற்குமா? ஒரு பெண் வயசுக்கு வருவது தள்ளிப்போனாலே தெரு கணக்கு எடுக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம் வயிறு திறக்காவிட்டால் விசேஷ வீட்டில் முன்வரிசையில் நிற்க விடமாட்டார்கள். நாமும் சில நேரம் அந்தப் பேச்சில் உட்கார்ந்து கேட்டிருக்கோம். சாந்தியைப் பற்றி நாடே பேசியது. 2007-ல் உயிரையே விடத் துணிந்தார். பிழைத்து வந்தார்.

எழுந்து அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டப் பயிற்சி கொடுத்தார். கிடைத்த பணத்தை அதில் போட்டார். 2009 வாக்கில் 68 பிள்ளைகள். சென்னை மாரத்தானில் அவர் பிள்ளைகள் முதலிடமும் மூன்றாம் இடமும் வாங்கினார்கள். தனக்கு ஓடத் தடை, ஆனால் ஓடவைக்கத் தடை இல்லையே. அதுவும் நிலைக்கவில்லை. நிலையான சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? 2012-ல் பத்திரிகைக்காரர்கள் அவரைப் பார்த்தது செங்கல் சூளையில், நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு. அப்பா அம்மா நின்ற அதே வேலை. அந்தச் செய்தி வந்த பிறகுதான் டெல்லி வரைக்கும் அசைந்தது. பெங்களூரில் பயிற்றுநர் படிப்பு படித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் வேலை நிரந்தரமாவதற்குள் தோகா முடிந்து பத்து வருஷம் போல ஆகிவிட்டது.

இன்னொரு பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் நெசவாளர் வீட்டுப் பெண் துத்தி சந்த். 2014 காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில், உடம்பில் ஒரு ஹார்மோன் அதிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். அவர் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீல்கள் வந்தார்கள், விவரம் தெரிந்தவர்கள் உதவினார்கள், இந்திய விளையாட்டு ஆணையமும் கூட நின்றது. 2015 ஜூலையில் தீர்ப்பு, அந்த விதியையே நிறுத்தி வைத்தார்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். சாந்திக்கும் துத்திக்கும் நடுவில் எட்டு வருஷம்தான். துத்திக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. சாந்திக்கு அன்றைக்கு யாரும் இல்லை. அவருடைய வெள்ளிப் பதக்கம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

தலைவி அக்காவிடம் ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் எலுமிச்சம்பழ ஸ்பூனும் வைக்கிறோம். இந்த வருஷம் பெண் பிள்ளைகளுக்கு 800 மீட்டர் ஓட்டம் ஒன்று சேருங்கள். வயசுக்கு வந்தவள், வராதவள் என்று பார்க்காமல் பேர் எழுதுங்கள். எங்கள் குழுவிலிருந்து ஆறு பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், இரண்டு பேருக்கு ஷூ இல்லை. பொது நிதியிலிருந்து வாங்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்கிறோம். பள்ளிக்கூட மைதானத்தை அளந்து கோடு போட சுண்ணாம்பு நான் தருகிறேன்.