பட்டத்துக்கா? பாட்டாளிக்கா?

(காரைக்காலில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'கல்லூரி ஆராய்ச்சிகள் பெரிதும் பயன்படுவது பட்டம் பெறுவோருக்கே! பாடுபடும் மக்களுக்கே!' மக்கள் அணியில் பேசியது.)

எதிரணியில் மூன்றாவது டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அறிஞர்களே! உண்மை வெளியே வரப்போகுதுன்னா தொண்டை வறளத்தானே செய்யும்! (சிரிப்பு)

நான் இந்த ஊர்க்காரன். காரைக்கால்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிலர் முகத்துல ஒரு சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனா பஸ் பிடிச்சு வந்து, இங்கே ஒரு தனி 'ஆராய்ச்சி' பண்ணிட்டுப் போறவங்க உண்டு. (பலத்த சிரிப்பு) அதுக்குப் பட்டமும் கிடையாது, பலனும் கிடையாது. வீட்டுக்குப் போனா வேற ஒண்ணு கிடைக்கும்! (சிரிப்பு)

எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "ஒருத்தர் புல்லை ஆராயறார், ஒருத்தர் செருப்பை ஆராயறார், ஒருத்தர் பூவுக்கு என்ன நிறம்னு பார்க்கிறார். இப்படிக் கண்டதையும் ஆராயணுமா? எல்லாரும் சேர்ந்து சோத்துக்கு ஒரு வழி பார்த்தா என்ன?"

அண்ணே, நல்ல கேள்வி. அந்தப் பூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐரோப்பாவில் மெண்டல்னு ஒரு பாதிரியார் இருந்தார். மடத்துத் தோட்டத்துல பட்டாணிச் செடி வளர்த்து, ஊதாப் பூ எத்தனை, வெள்ளைப் பூ எத்தனைன்னு வருஷக்கணக்கா எண்ணினார். 1866ல் அதைக் கட்டுரையாக அச்சிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கலை. 34 வருஷம் கழிச்சு, 1900ல்தான் உலகம் அதைப் படிச்சது. இன்னிக்கு நெல்லுன்னாலும் கரும்புன்னாலும், புது ரகம் உண்டாக்குறவங்க எல்லாரும் அவர் போட்ட அஸ்திவாரத்து மேலதான் நிக்கிறாங்க. சரி, அவர் பட்டத்துக்காகவா பண்ணினார்? ஐயா, அவர் ஆசிரியர் தேர்வுலயே தேறாதவர்! (கைதட்டல்)

அடுத்தது புல்லு. நம்ம ஆத்தங்கரையில சீந்துவார் இல்லாமக் கிடக்குற நாணல். கோயம்புத்தூரில் 1912ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர் என்ற ஆங்கிலேயரும், நம்ம டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் இந்த நாணலையும் இணை சேர்த்தார்கள். கரும்புக்கு இனிப்பு உண்டு, தாங்குற சக்தி இல்லை. நாணலுக்கு இனிப்பு இல்லை, எதையும் தாங்கும். சில வீட்டுல மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி. யார் கரும்பு, யார் நாணல்னு நான் சொல்ல மாட்டேன்! (சிரிப்பு) 1918ல் வெளிவந்தது 'கோ 205'. வடநாட்டுப் பஞ்சாப் வரைக்கும் அந்தக் கரும்பு போய் நின்னுது. உங்க வீட்டுக் காப்பியில இருக்கிற இனிப்புக்குள்ள அந்த ஆத்தங்கரைப் புல்லுக்கும் பங்கு இருக்கு, தாயே!

இப்ப நம்ம வயலுக்கு வருவோம். காரைக்கால் கடைமடை. காவிரித் தண்ணி எல்லா ஊரையும் பார்த்துட்டு, கடைசியாத்தான் நம்மைப் பார்க்கும். ஆனா ஐப்பசி கார்த்திகை அடைமழையில மேட்டுல பெய்த தண்ணியெல்லாம் கடலுக்குப் போற வழியில நம்ம வயல்லதான் உட்கார்ந்து இளைப்பாறும். சம்பாப் பயிர் முழுகிப் போச்சுன்னா, வரப்புல நின்னு பார்க்குற விவசாயி முகத்தை நீங்க பார்த்திருக்கீங்களா? நகை அடகுக்கடையில, பயிர் தண்ணிக்குள்ள.

முழுகின பயிர் ஏன் சாகுது? ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சு சொன்னது இதுதான். சாதாரண நெல்லு தண்ணிக்குள்ள போனதும் பதறிப்போய், தலையை வெளியே நீட்டணும்னு விறுவிறுன்னு நீளும். கையிருப்புச் சத்தையெல்லாம் அதுலயே செலவழிச்சுடும். தண்ணி வடிஞ்சதும் நிக்கத் தெம்பில்லாமச் சாஞ்சுடும். ஆனா ஒடிசாவில் ஒரு பழைய நாட்டு நெல் இருந்தது. எஃப்.ஆர். 13ஏ என்று பேர். அது முழுகினா பதறாது. வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமிச்சு, மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். வெள்ளம் வடிஞ்சதும் மறுபடி துளிர்க்கும். கிட்டத்தட்ட இரண்டு வாரம் தாங்கும். விளைச்சல் குறைவுன்னு ஒதுக்கி வச்ச நெல்லு அது!

அந்தக் குணம் எந்த மரபணுவுல இருக்குன்னு 2006ல் கண்டுபிடிச்சு எழுதினாங்க. பிலிப்பைன்ஸில் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பண்ணின வேலை. 2009ல் 'ஸ்வர்ணா சப்-1' என்ற நெல் இந்தியாவில் வயலுக்கு வந்தது. பிறகு நம்ம டெல்டாக்காரங்க பொன்மணின்னு ஆசையாக் கூப்பிடுற சி.ஆர். 1009 நெல்லுக்குள்ளயும் அந்தக் குணத்தைச் சேர்த்து, 'சி.ஆர். 1009 சப்-1' வந்தது. இது பட்டத்துக்கா, பாட்டாளிக்கா? நடுவர் அவர்களே, வரப்புல நிக்கிறவனைக் கேளுங்க! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தங்கை கேட்கலாம்: "வயலுக்குச் சரி, செருப்புக்கு எதுக்கு ஆராய்ச்சி?" அம்மா, வேலூருக்கு வாங்க. 1940களின் கடைசியில் அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். அந்தக் காலத்துல தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு உலகமே நம்பிச்சு. ஒரு நாள் துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு. டாக்டர் திருகிப் பார்த்தார், திறக்கலை. தொழுநோய் வந்த ஒரு சின்னப் பையன் வந்தான், ஒரே திருகு, திறந்துட்டான். டாக்டருக்கு ஆச்சரியம். கையைப் பார்த்தார். விரல் எலும்பு தெரியக் கிழிஞ்சிருக்கு, பையனுக்குத் தெரியவே இல்லை!

அப்பத்தான் விளங்கிச்சு. விரல் தானா விழலை. வலி தெரியாததாலே காயம் படுது, காயத்தோடயே வேலை செய்யறாங்க, புண் புரையோடுது. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சாக்கூடத் தெரியலை. அதுக்கு என்ன மருந்து தெரியுமா? வீட்டுக்குப் போற ஒவ்வொரு நோயாளி கையிலயும் ஒரு பூனைக்குட்டி! (கைதட்டல்) மடங்கிப்போன விரலுக்கு நரம்பும் தசைநாரும் ஆராய்ந்து அறுவை சிகிச்சை. உணர்ச்சியில்லாத பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு. அண்ணன் கேலி பண்ணின அதே செருப்பு ஆராய்ச்சி! எத்தனை பேர் அதைப் போட்டுக்கிட்டு, சொந்தக் காலால நடந்து வேலைக்குப் போனாங்க!

1968ல் ஜெய்ப்பூர் மருத்துவமனையில் டாக்டர் சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரில் ஒரு செயற்கைக் கால் செய்தார்கள். வெளிநாட்டுக் கால் நாற்காலியில உட்கார்ற பழக்கத்துக்குத்தான் தோதா இருந்தது. ஜெய்ப்பூர் காலைப் போட்டா சம்மணம் போடலாம், செருப்பில்லாம நடக்கலாம், சேத்து வயல்ல இறங்கலாம். பார்த்தீங்களா, கால் ஆராய்ச்சியும் பயிர் ஆராய்ச்சியும் ஒரே வயல்ல வந்து சந்திக்குது! 2019ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர், உட்கார்ந்திருப்பவர் பிறர் உதவியில்லாமல் தானே எழுந்து நிற்கும் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். எதிரில நிக்கிறவங்க முகத்துக்கு நேரா முகம் பார்த்துப் பேசுறதுன்னா என்னன்னு, வருஷக்கணக்கா அண்ணாந்து பார்த்தே பேசினவங்களைக் கேளுங்க.

அலமாரியில தூங்குற ஆராய்ச்சி இல்லையா? பார்த்து எழுதி வாங்கின பட்டம் இல்லையா? இருக்கு. ஒத்துக்கறேன். தூத்தும்போது பதர் பறக்குது. அதுக்காக யாராவது நெல்லே விதைக்க மாட்டேன்னு சொல்லுவாங்களா?

நம்ம ஊர் மாங்கனித் திருவிழாவைப் பாருங்க. மாடியிலிருந்து கூடை கூடையா மாம்பழம் இறைக்கிறோம். எந்தப் பழம் யார் மடியில விழும்னு இறைக்கிறவருக்குத் தெரியுமா? தெரிஞ்ச ஒருத்தருக்கு மட்டும் ஒரு பழம் கொடுத்தா அது திருவிழா இல்லை, சிபாரிசு! (சிரிப்பு, கைதட்டல்) ஆராய்ச்சியும் அப்படித்தான். மனுஷன் படுற கஷ்டம் நூறு விதம். ஆராய்ச்சியும் நூறு விதமாத்தான் இருக்கணும்.

செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண் கல்லூரி இருக்கு. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கு. ஜிப்மர் கிளை இருக்கு. இத்துனூண்டு ஊருக்குள்ள பயிர், பொறி, உயிர் மூணுக்கும் படிப்பு! உங்க வரிப்பணத்துல நடக்குது. வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. உள்ளே போங்க. "ஐயா, என் பயிர் ஏன் பழுக்குது? என் பிள்ளை காலுக்கு என்ன வழி?"ன்னு கேளுங்க. பாட்டாளி கேட்கிற கேள்விதான் நாளைக்கு ஆராய்ச்சி.

பட்டம் ஒருத்தர் வீட்டுச் சுவரில் தொங்கும். பலன் ஊர் முழுக்க விளையும். ஆகவே நடுவர் அவர்களே, ஆராய்ச்சிகள் பெரிதும் பயன்படுவது பாடுபடும் மக்களுக்கே என்று தீர்ப்புத் தாருங்கள். (நீண்ட கைதட்டல்)