கூரைமேற் சூரியனும் குடும்பக் கணக்கும்

(நகர வீட்டுரிமையாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கதிரவன் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. மின்சாரப் பட்டியலோ மாதந் தவறாது வந்து நிற்கிறது. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது, நகரங்களில் வீடுடையோர் பலர் கூரையிற் சூரியத் தகடு பதிப்பதே வழியெனக் கண்டனர். அது நல்ல வழியே. ஆயின் கணக்குப் பாராது கடன்படுதல் நல்ல வழியன்று.

கணக்கைப் பார்ப்போம். 2016இல் ஆரம்பித்த 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில், வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்னுக்கு முதல் 7 ஆண்டுகள் அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாவும் தருவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2022இல் அவ்விலை 37 ரூபாவாயிற்று. புதிதாக இணைவோருக்கு 2024இல் 27 ரூபாவாகவும், 2025இல் 5 கிலோவாற்று வரையான வீட்டுக் கூரைகளுக்கு 20.90 ரூபாவாகவும் அது இறங்கியது. மாதம் 300 அலகு விற்கும் வீட்டுக்கு 37 ரூபா விலையில் 11,100 ரூபா கிடைக்கும், 20.90 ரூபா விலையில் 6,270 ரூபாவே கிடைக்கும். பக்கத்து வீட்டாரின் பழைய வருமானத்தைப் பார்த்து இன்று வங்கியிற் கடன்படுவோர் என் செய்வர்? சந்தை விலையை நம்பி வெங்காயம் நட்டவன் பட்ட பாட்டை நம் கமக்காரர் நன்கறிவர்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: விற்பனைக்காக அன்று, வீட்டுத் தேவைக்காகவே தகடு பதியுங்கள். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு மாதம் ஏறக்குறைய 100 முதல் 120 அலகு தரும். 300 அலகு செலவிடும் வீட்டுக்கு 3 கிலோவாற்றே போதும். பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறுவதால், நாம் மிச்சம் பிடிக்கும் முதல் அலகே விலை கூடிய அலகு. அங்கேதான் உண்மையான இலாபம் உண்டு. மிகக் குறைந்த மின்னுடன் வாழும் குடும்பத்துக்கோ போட்ட முதல் திரும்ப நெடுங்காலம் செல்லும்.

இன்னுமொன்று. பற்றரி இல்லாத சாதாரண அமைப்பு, வீதியில் மின் நின்றால் தானும் நின்றுவிடும். வெயில் எரிக்கும், வீடு இருளும். விற்பவர் இதைச் சொல்லாவிடின் நாமே கேட்டறிதல் வேண்டும்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மின் மிகுந்துவிட்டதென்று கூரை அமைப்புகளை நிறுத்தி வைக்கும்படி மக்கள் கேட்கப்பட்டனர். பகலில் மிகுதி, மாலையிற் பற்றாக்குறை. இந்நோய்க்கு மருந்து, மின்னைச் சேமித்து வைப்பதே. பற்றரிக்கு இலகு கடன் கொடுங்கள். எழுதிய ஒப்பந்தத்தை இறுதிவரை காப்பாற்றுங்கள் என்று நாம் கேட்கிறோம்.

வெயில் பொய்ப்பதில்லை, விலை மாறும். வெயிலை நம்பி, விலையை எண்ணிப் பார்த்துச் செய்வோமாக.