இரவு ஷிப்டில் எத்தனை சிஸ்டர்?

முதலிபாளையத்துப் பெரியோர்களே, சிட்கோவில் வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளே, பிள்ளைகளோடு பின்னால் நிற்கும் தாய்மார்களே!

மாரடைப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எண்ணெயைக் குறை, பீடியை விடு, நட என்று நீங்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. ரத்தக்குழாய் அடைப்புக்கு வைத்தியம் கண்டுபிடித்தவர்களை உலகத்துக்குத் தெரியும். அந்த வைத்தியத்தை ராத்திரி இரண்டு மணிக்குக் கையால் செய்கிறவர்களைத் தெரியாது. அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் நம்மைப் பார்ப்போம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் நெஞ்சைத் தேய்க்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது. "ஒண்ணுமில்லீங்க, வாயு பிடிச்சிருக்குது" என்கிறார். பக்கத்து மெஷின்காரர் ஓடிப்போய் சோடா வாங்கி வருகிறார். பீஸ் ரேட்காரர் எழுந்து போனால் சனிக்கிழமைக் கூலி குறையும். இடது தோள் வரை வலி இறங்கினாலும் மனுசன் எழுந்திருப்பதில்லை.

இது நம் ஊரோடு நிற்கிற கதை இல்லை. 2008-ல் லான்செட் இதழில் 'கிரியேட்' என்ற இந்திய ஆய்வு வந்தது. 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க இடைநிலைக் கணக்கில் எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? 360 நிமிடம். ஆறு மணி நேரம்! முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரரில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. ஏழையின் உடம்பு கெட்டுக் கிடந்ததா? இல்லை. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமே மறைந்துபோனது. இதைவிடக் கோபப்பட வேண்டிய கணக்கு எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்று பார்த்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள். கோவை கேஎம்சிஎச் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் டாக்டர் அஜித் முல்லசாரி முதலானோர் 2012-ல் தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றிலும் சிறிய ஆஸ்பத்திரிகள். சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுவது. பிறகு 108 ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய இடத்துக்கு அனுப்பி, ஒரு நாளுக்குள் குழாயைப் பார்த்து அடைப்பை எடுப்பது. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? நிட்டிங், டையிங், கட்டிங் என்று ஒவ்வொன்றும் நேரத்துக்கு நடந்தால்தான் சரக்கு கப்பலேறும். அதே சங்கதிதான்.

2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 என்று இருந்தது 14.2 ஆனது. ஆஸ்பத்திரிக்குள் நடந்த இறப்பு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. புது மருந்து எதுவும் இல்லை. ஏற்பாடு மட்டும்தான் புதிது.

அந்த ஏற்பாட்டைக் கையில் பிடித்திருந்தது யார்? ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்தில் டிரிப்பில் இறங்க வேண்டும். இறங்கும்போதே பிரஷர் படக்கென்று விழலாம். பார்த்துக்கொண்டிருக்கும் சிஸ்டர் சொட்டைக் குறைக்கிறார், கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துகிறார், டாக்டரைக் கூப்பிடுகிறார். ஈறில் ரத்தம் கசிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கிறார். தொண்ணூறு நிமிடத்தில் மறுபடி ஈசிஜி. கோடு இறங்கவில்லையென்றால் கட்டி கரையவில்லை என்று முதலில் சொல்லும் குரல் பல நேரம் அவருடையதுதான்.

செவிலியரின் இந்தப் பொறுப்பு இன்று நேற்று வந்ததல்ல. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தொடங்கியபோதே, பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். இதயத்துடிப்பு தாறுமாறானால் டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அங்கே நிற்கும் செவிலியரே ஷாக் கொடுக்கட்டும் என்று முடிவானது. மெஷின் மட்டும் வாங்கி வைத்திருந்தால் அந்தப் பிரிவு வெறும் அறைதான்.

செவிலியர் எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? 2014-ல் லிண்டா எய்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறியது. இங்கே செவிலியர்களின் சம்பள நிலவரமே எப்படி இருந்தது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 2017-ல் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, அப்போது அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். நம் ஊர் டெய்லர் அதற்கு மெஷினில் உட்காருவாரா, சொல்லுங்கள்!

திருப்பூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சந்தோஷம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரை வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு. நெஞ்சுவலி வந்தால் அங்கே போய்க் கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மேடையில் இருக்கும் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு மானிட்டர் நன்கொடை தருகிறீர்கள், பேர் பொறித்த பலகையும் வைக்கிறார்கள். தரும்போதே, "ராத்திரி இதைப் பார்க்க எத்தனை சிஸ்டருங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கம்பெனியில் ஆளுக்கு நெஞ்சுவலி என்றால் ஷிப்ட் முடியட்டும் என்று சூப்பர்வைசர் சொல்லக்கூடாது, அரை நாள் கூலியும் பிடிக்கக்கூடாது என்று எழுதியே ஒட்டிவிடுங்கள்.

அடுத்ததாக இரண்டு சிஸ்டர்கள் மேடைக்கு வருகிறார்கள். மூச்சு பேச்சில்லாமல் விழுந்தவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். நைட் டூட்டிக்குப் போக வேண்டியவர்கள், அதனால் நான் நிறுத்திக்கொள்கிறேன். சூப்பர்வைசர் அண்ணன்மாரெல்லாம் முன்னால் வாங்க. முதலில் நீங்கள்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும்.