வரி விளம்பரமும் வெள்ளைக் கோட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், வேலப்பன்சாவடியில் வீட்டிலிருந்தே தையல் தொழில் நடத்திவரும் வணிகவியல் துறை முன்னாள் மாணவி ஆற்றிய உரை)



இணையத்தில் வரி விளம்பரம் கொடுத்து வீட்டுத் தொழிலை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். அதனால் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

2017-இல் என் கணவர் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையை மூடிவிட்டார்கள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் ஐந்தாவது. வீட்டில் இருந்தது அம்மா கொடுத்த பழைய தையல் மெஷின் ஒன்று. அதற்கு மோட்டார் மாட்டினேன். வளையலை அடகு வைத்து ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். வாசலில் போர்டு எழுதி வைத்தேன். எங்கள் தெரு உள்ளடங்கிய தெரு. போர்டைப் பார்த்தது எதிர்வீட்டுப் பாட்டி மட்டும்தான்!

பெரியவள்தான் சொன்னாள், "அம்மா, நெட்டுல ஃப்ரீயா விளம்பரம் போடலாம்மா" என்று. போட்டோம். என்ன எழுதினேன் தெரியுமா? "அனைத்து விதமான தையல் வேலைகளும் குறைந்த விலையில் சிறந்த முறையில் செய்து தரப்படும். சென்னை."

போன் வந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒருவர், "வீட்டுக்கே வந்து துணி வாங்கிப்பீங்களா?" என்றார். தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா, ஜன்னல் திரை தைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு மாதம் ஓடிற்று. ஒரு பிளவுஸ்கூட வரவில்லை. வளையலுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கே தப்பு என்று யோசித்தேன். நம் காலத்தில் வரி விளம்பரம் என்றால் தினத்தந்தி. வரிக்கு இவ்வளவு என்று காசு. அதனால் வார்த்தையை எண்ணி எண்ணி எழுதுவோம். வீடு வாடகைக்கு என்றால் எந்தத் தெரு, எத்தனை அறை, தண்ணீர் வசதி உண்டா, அவ்வளவுதான். தேவைப்பட்டவன் மட்டும் வருவான். 1995-இல் அமெரிக்காவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் கிரெய்க்ஸ்லிஸ்டைத் தொடங்கினார். பிறகு ஓஎல்எக்ஸ், குவிக்கர் என்று நம் ஊரிலும் வந்து, விளம்பரம் இலவசம் என்றாகிவிட்டது. காசு இல்லை என்றதும் நாம் எண்ணாமல் எழுதுகிறோம். எல்லோருக்கும் எல்லாம் என்கிறோம். அது யார் காதிலும் விழுவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து பி.ஜி.யில் தங்கிப் பல் மருத்துவம் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். "ஆன்ட்டி, கோட்டு தொளதொளன்னு இருக்கு, கை வேற நீளம். நாளைக்கு வேணும்" என்றாள். ராத்திரியே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் தோழிகள் மூன்று பேரை அழைத்து வந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பகுதியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோட்டுகள் தினமும் என் கண்ணெதிரே பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. நான் திருவொற்றியூருக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறேன்!

விளம்பரத்தை மாற்றினேன். "வேலப்பன்சாவடி. மருத்துவ மாணவர் வெள்ளைக் கோட்டு அளவு சரிசெய்து தரப்படும். இன்று கொடுத்தால் நாளை மாலை. பிளவுஸ், ஃபால்ஸ், பீக்கோவும் உண்டு. பெண் தையல்காரர்." போன் குறைந்தது, ஆள் வரத்து கூடியது. முன்பு நாற்பது பேர் பேசினால் ஒருவர்கூட வரவில்லை. இப்போது பத்துப் பேர் பேசினால் ஆறு பேர் துணியோடு வந்தார்கள்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது தமிழருக்காக ஓர் இணையத்தளம் நடத்தினார். அதில் பல பகுதிகள் இருந்தாலும் ஜனங்கள் தேடி வந்தது கல்யாண விளம்பரப் பகுதியைத்தான். அதைக் கவனித்துத் தனியாக வளர்த்தார். அதுதான் பாரத் மேட்ரிமோனி. 2017-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. யார் எதற்கு வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் பாடம். கோடி ரூபாய்த் தொழிலானாலும் கோட்டுக் கையை மடித்துத் தைக்கிற தொழிலானாலும் அதேதான்.

இனி மாணவச் செல்வங்களுக்குச் சில வார்த்தை. படம் போடுங்கள், ஆனால் நீங்கள் தைத்ததை, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். எங்கிருந்தோ எடுத்த படம் வேண்டாம். விலையை எழுதிவிடுங்கள், பாதி பேரம் குறையும். விளம்பரம் நாளாக ஆகக் கீழே போய்விடும், அடிக்கடி புதுப்பியுங்கள். சாப்பாட்டுச் சாமான் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே விளம்பரம் கொடுங்கள். தொழிலுக்குத் தனி போன் நம்பர் வையுங்கள். வீட்டுக் கதவு எண்ணை எல்லோரும் பார்க்கப் போடாதீர்கள். அடையாளம் மட்டும் போதும், பேசிய பிறகு வழி சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2019-இல் ஒருவன் போன் செய்தான். ராணுவ அதிகாரி என்றான், முப்பது சீருடை தைக்கணும் என்றான், பேரமே பேசவில்லை. "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் உங்க கணக்குல விழும்" என்றான். போட்டேன். விழவில்லை, என் கணக்கிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிற்று. பள்ளிக்கூட பீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணம். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பி.காம். படித்தவள் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது?

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாளைக் கழிக்காதீர்கள்.

வளையலை மீட்டுவிட்டேன். என் கணவர் இப்போது எங்கள் பக்கத்துத் தையல் மெஷின்களுக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறார். பட்டறையில் கற்ற கைவேலை வீணாகவில்லை. யார் சொல்லி வந்தீர்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதைப் புரட்டினால் முக்கால்வாசிப் பேர் தோழி சொல்லி வந்தவர்கள்தான். விளம்பரம் முதல் ஆளை வாசல் வரைக்கும் கொண்டுவரும். அடுத்த ஆளைக் கொண்டுவருவது தையல்தான்.

அப்படியானால் விளம்பரம் எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்கும் வாரம் தவறாமல் புதுப்பிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊருக்குப் புதுப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். கோட்டு அவர்களுக்கும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. என்னைத்தான் அவர்களுக்குத் தெரியாது.