சினமும் பொறையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பொறையுடைமை, வெகுளாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் திருக்குறளில் உள்ளமையை நாம் அறிவோம். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் இவ்வறத்தையே வற்புறுத்துகின்றது. தன் உள்ளத்தை ஆள வல்லவனை, நகரத்தை வென்ற வீரனினும் உயர்ந்தவனாக அந்நூல் மதிக்கின்றது. எபிரேய மொழியில் சினத்தைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு மூக்கு என்னும் பொருளும் உண்டு. 'மூக்குக்கு மேல் கோபம்' என்று நாமும் சொல்லுகிறோம் அன்றோ?

இவ்வறத்திற்குச் சான்றாக, சாமுவேல் முதல் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் ஒரு வரலாறு உண்டு. தாவீது அரசனாவதற்கு முன், சவுல் மன்னனுக்குத் தப்பிப் பாலைநிலத்தில் திரிந்த காலம் அது. மாகோன் ஊரில் நாபால் என்னும் செல்வன் இருந்தான். அவனுக்கு 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் இருந்தன. அவனுடைய மேய்ப்பர்களுக்குத் தாவீதின் ஆட்கள் இரவும் பகலும் காவலாயிருந்தனர். ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாளில், உணவு வேண்டித் தாவீது 10 இளைஞரை அனுப்பினான். நாபாலோ அவர்களை இழித்துப் பேசி, வெறுங்கையராய்த் திருப்பினான். தாவீது வெகுண்டு 400 பேருடன் வாளேந்திப் புறப்பட்டான். நாபால் வீட்டு ஆண்மக்களுள் ஒருவரையும் விடுவதில்லை என்று சூளுரைத்தான்.

சினத்திற்குக் காரணம் நியாயமானதே. ஆயினும், பிழை செய்தவன் ஒருவன்; மாள இருந்தவரோ பலர். தாவீதின் ஆட்கள் தமக்குச் செய்த நன்மையை நாபாலின் மனைவி அபிகாயிலிடம் எடுத்துரைத்த பணியாளனும் அவருள் ஒருவன். நியாயமான சினமும் கண்ணிழந்தால், நன்றியுடையவனையும் வெட்டிவிடும்.

செய்தி கேட்ட அபிகாயில் அழுதுகொண்டு அமரவில்லை. 200 அப்பங்களும், சமைத்த 5 ஆடுகளும், பிறவும் கழுதைகள்மேல் ஏற்றி விரைந்தாள்; வழியிலேயே தாவீதை எதிர்கொண்டு பணிந்தாள். நாளை அரசனாகும்போது, வீணாய்ச் சிந்திய இரத்தம் நெஞ்சை உறுத்தக் கூடாதே என்று இன்சொல்லால் எடுத்துரைத்தாள். தாவீது வாளை வீசாது மீண்டான். தன்னைத் தடுத்தமைக்காக அவளை வாழ்த்தவும் செய்தான்.

அன்பர்களே! பொறுமையாவது கைகட்டி வாளாவிருத்தல் அன்று. தீங்கு நேருமுன் விரைந்து சென்று, மென்மையாய்ப் பேசுதலும் பொறுமையே. தடுத்தவர்க்கு நன்றி கூறித் திரும்புதலும் பொறுமையே.

நம் குடியிருப்பில் குழாயடியிற் பிறக்கும் ஒரு சொல், மாலைக்குள் இரு வீட்டாரைப் பகைவராக்கி விடுகின்றது. ஆண்டு கடந்தும், ஒருவர் அமரும் வரிசையில் மற்றவர் அமர்வதில்லை. உற்றார் தொலைவிலிருக்க, நோயென்றாலும் சாவென்றாலும் முதலில் ஓடிவருபவர் அடுத்த வீட்டாரே அல்லரோ? அவ்வுறவை ஒரு நாழிகைச் சினத்திற்கு விலையாகக் கொடுத்தல் தகுமா?

பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்பது எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் அறிவுரை. இரு வீட்டார் பிணங்கினால், யார் பக்கம் நியாயம் என்று வழக்காடுமுன், இடையே சென்று நிற்கும் ஒருவராக நாம் இருப்போம். இவ்விழா முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே, பேச்சு நின்றுபோன வீட்டின் கதவை நாம் முதலில் தட்டுவோமாக!