அம்மை இறங்கிய பின்னும் மூளையில் தங்கும் நோய்

(மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

தட்டம்மையை நம் ஊர்களில் மணல்வாரி என்பார்கள். சில நாட்களில் இறங்கிவிடும் அம்மை என்றே பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வாறே நிகழ்கிறது. ஆனால் மிகச் சிலரின் மூளையில் அக்கிருமி தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள், பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் வரை, எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பின்னர் நன்றாகப் படித்த பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறது, உடல் திடீர் திடீரெனத் துள்ளுகிறது, நடை தடுமாறுகிறது. எஸ்.எஸ்.பி.இ. எனப்படும் இந்நோய் பெரும்பாலும் சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்கிறது. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இந்நோயை ஆய்ந்து வருகின்றனர். இரண்டு வயதுக்குள் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. நெருக்கடியான குடியிருப்புகளில்தான் அம்மை அவ்வளவு சீக்கிரம் தொற்றுகிறது. 2022இல் மும்பையின் கோவண்டி குடிசைப் பகுதிகளில் பரவிய தட்டம்மை குழந்தைகளின் உயிரைக் குடித்ததை மறக்க முடியாது. வேலை தேடி ஊர் ஊராகப் பெயரும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே தடுப்பூசி எளிதில் தவறுகிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிய மாநிலங்களுள் கர்நாடகமும் தமிழகமும் உண்டு. அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகள் பெற்றோரை அச்சுறுத்தின. உண்மை நேர்மாறானது: தடுப்பூசி மூளை நோயைத் தருவதில்லை, தடுக்கிறது. 9 முதல் 12 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்தில் இரண்டாவது. இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

என் பிள்ளைக்குப் போட்டாயிற்று என்று ஒதுங்கவும் இயலாது. 2025இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் பள்ளி வயதுக் குழந்தை ஒன்று இந்நோயால் மாண்டது. ஊசி போடும் வயதை எட்டுமுன்பே அதற்கு அம்மை தொற்றியிருந்தது. அத்தகைய கைக்குழந்தைக்குச் சுற்றியிருப்போரின் தடுப்பூசியே அரண். நூற்றுக்கு 95 பேருக்கேனும் இரு தவணையும் சேர்ந்தால்தான் அந்த அரண் நிற்கும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஊசி போடும் நாளில் தாய்க்குக் கூலி பிடிக்கக் கூடாது. வேலைத்தளங்களுக்கே தடுப்பூசி முகாம் வர வேண்டும். எந்த மாநில அட்டையானாலும் ஏற்று, விடுபட்ட தவணையைப் போட வேண்டும். வீடு வீடாய் நடக்கும் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களுக்கு முறையான ஊதியம் வழங்க வேண்டும்.

தோழர்களே, இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தன் குடியிருப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். விடுபட்ட பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துச் செல்வது நம் அமைப்பின் பணி.